சாய்பாபு போட்ட ரோடு

“இந்த ரோட்டுல ஓட்டை போடறவன் இன்னும் பொறக்கலை!”

1998 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கல்கத்தா டாலிகஞ்ச் பக்கத்துச் சோனாஜுரி காலனியில் இந்தப் பிரகடனம் வெளியாயிற்று. வெளியிட்டவர் வெங்கடநாராயணன். வயது ஐம்பத்து மூன்று, உயரம் ஐந்தடி நாலங்குலம், நெற்றியில் ஒற்றைக் கோடாக ஸ்ரீசூர்ணம். கேட்டவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தாலும் அது ஜனவரி மாதத்து வெயில் என்பதால், அவர்களில் முப்பது பேர் கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும் குரங்குக் குல்லாய்க்குள் பாதுகாப்பாக இருந்தார்கள்.

உணர்ச்சிப் பெருக்கில் பிரகடனம் தமிழில் வந்துவிட்டது. கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர்கள் மனைவி சுந்தரவல்லியும் மகள் மேக்னாவும் மட்டுமே என்பது நினைவுக்கு வந்ததும் அதையே இங்கிலீஷில் சொன்னார். அதுவும் போதவில்லை. பத்தொன்பது வருஷக் கல்கத்தா வாசத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த பெங்காலி மொத்தத்தையும் ஒரே வாக்கியத்தில் கொட்டினார்.

“ஆமி சாய் ஜானி!”

பெங்காலியில் சாய் என்றால் சாம்பல். ச-வை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘எனக்குச் சாம்பலைப் பற்றித் தெரியும்’ என்று சொல்ல நினைத்தார். அவருக்குத் தெரிந்த இலக்கணப்படி சரியாகவே சொன்னார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. குல்லாய்களுக்குள்ளிருந்து விசில்கூட வந்தது. பதவியேற்ற மந்திரி மாதிரி இரு கையும் கூப்பிவிட்டு அவர் வீட்டுக்குள் போனார்.

“அப்பா, நீ கடைசியா என்ன சொன்னே தெரியுமா?” என்றாள் மேக்னா. அவள் பிறந்ததே இந்த ஊரில்தான். பெங்காலியில் சண்டை போடுவாள், தமிழில் சமாதானம் ஆவாள்.

“எனக்கு சாம்பல் தெரியும்னேன்.”

“இல்லப்பா. ‘எனக்கு ஒரு மண்ணும் தெரியாது’ன்னு சொல்லிட்டே. சாய் ஜானின்னா இங்க அதான் அர்த்தம்.”

சுந்தரவல்லி காபியை டபராவில் ஆற்றிக்கொண்டே சொன்னாள்: “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் சபையில உண்மையைப் பேசியிருக்கேள். அதுவும் பாஷை தெரியாததால.”

அதுவரை அவர் காலனிக்கு ‘பெங்கட்தா’, அதாவது வெங்கட் அண்ணா. வெங்கடநாராயணன் என்ற ஏழு தலைமுறைப் பெயரில் ‘வெ’யைப் ‘பெ’யாக்கி, பாக்கியைப் பேச நேரமில்லாமல் வங்கம் வெட்டியெறிந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து மிச்சமிருந்ததும் போயிற்று. அவர் சாய்பாபு ஆனார். சாம்பல் ஐயா, அல்லது ஒரு மண்ணும் தெரியாத ஐயா. கூப்பிடுகிறவரின் மனநிலையைப் பொறுத்தது.

சாம்பலுக்கும் அவருக்கும் ஏற்பட்ட பந்தம் விதியின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். மன்னார்குடிப் பக்கத்து வைஷ்ணவக் குடும்பம். தெரியாமல்கூட நெற்றியில் விபூதி படாத பரம்பரை. அப்படிப்பட்டவரை மின்சாரக் கம்பெனிக்காரர்கள் கல்கத்தாவுக்கு மாற்றி, அனல்மின் நிலையத்துச் சாம்பலை என்ன செய்வது என்று யோசிக்கும் பிரிவில் உட்கார்த்தினார்கள். ஒரு அறை, ஒரு மேஜை, பதினேழு ஹார்லிக்ஸ் பாட்டில். பாட்டில் நிறைய விதவிதமான சாம்பல். யோசித்து முடித்ததும் சொல்லவும் என்று விட்டுவிட்டார்கள்.

முதல் பத்து வருஷம் யாரும் வந்து கேட்கவில்லை. அதனால் அவர் நிஜமாகவே யோசித்துவிட்டார். ஆபீஸ்களில் அபூர்வமாக நேரும் விபத்து இது.

நிலக்கரி எரிந்து மிஞ்சுவது மாவு மாதிரிச் சாம்பல். அதைத் தண்ணீரில் கரைத்து ஏரி ஏரியாகத் தேக்கி வைத்திருந்தார்கள். மேற்கே உருக்காலைகளில் இரும்பு உருகி மிஞ்சுவது ஸ்லாக் என்கிற கசடு. அதை மலை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். இரண்டையும் கட்டிக்கொள்ள ஆளில்லை. வெங்கடநாராயணன் தரகர் ஸ்தானத்தில் உட்கார்ந்து பொருத்தம் பார்த்தார். கசடை உடைத்துச் சுண்ணாம்பும் சாம்பலும் சேர்த்துக் கெட்டித்தால் அடித்தளம். சிமெண்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் சாம்பலைப் போட்டுக் கலந்தால் மேல்தளம். ஜல்லிக்காக மலையை உடைக்க வேண்டாம், சாம்பலுக்காக வயலை மூழ்கடிக்க வேண்டாம். இந்தக் கலவையில் ஒரு விசேஷம்: முதல் மாதம் சாதுவாக இருக்கும், வயசாக வயசாகத்தான் இறுகும். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற பெருமை தெரியும்.

கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தது. எங்காவது நூற்றெண்பது மீட்டர் போட்டுக் காட்டவும். மூன்று வருஷம் அதில் ஒரு வெட்டு, ஒரு ஓட்டை, ஒரு ஒட்டு இருக்கக் கூடாது. அப்படி எதுவும் இல்லாமல் இருந்தால், மின் நிலையத்திலிருந்து நெடுஞ்சாலைவரை பதினோரு கிலோமீட்டரையும் அதே கலவையில் போடுகிறோம். கலவைக்கு உங்கள் பெயரையே வைக்கிறோம். கடிதத்தின் ஜெராக்ஸ் பிரதி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அசல் பெருமாள் படத்துக்குப் பின்னால் இருந்தது. ஓய்வு பெறுவதற்குள் தன் பெயரில் பதினோரு கிலோமீட்டர். ஊரில் யாருக்கும் முழுதாகச் சொல்ல வராத பெயருக்கு அதைவிட நல்ல பழிவாங்கல் உண்டா?

சோனாஜுரி காலனி கூட்டுறவுக் காலனி. உள்ரோடு காலனிக்கே சொந்தம். அதன் செயலாளர் அசித் சமாத்தார் கடிதத்தைப் படித்துப் பார்த்தார், ரோடு இலவசம் என்பதை இரண்டு தடவை படித்தார், ‘ஓட்டை கூடாது’ என்ற நிபந்தனைக்குக் கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டார். துர்கா பூஜைக் கமிட்டிக்கும் அவரே செயலாளர். கல்கத்தாவில் பூஜைப் பந்தல் ரோட்டில்தான் போடுவார்கள். பந்தல் மூங்கில் நிற்க வேண்டுமானால் ரோட்டில்தான் குழி தோண்டுவார்கள். இது தமிழருக்குத் தோன்றவில்லை. வங்காளிக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அது நவம்பர் மாதம். நவம்பரில் அடுத்த அக்டோபரைப் பற்றி யோசிப்பது அபசகுனம்.

ரோடு போட்டார்கள். இருபத்தெட்டு நாள் அதன்மேல் சணல் சாக்கைப் போர்த்தி, காலை மாலை தண்ணீர் தெளித்து, நாய் பூனை அண்டாமல் வெங்கடநாராயணனே காவல் இருந்தார். பிரசவித்த பெண்ணுக்கு இவ்வளவு பத்தியம் கிடையாது என்று சுந்தரவல்லி அபிப்பிராயப்பட்டாள். பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமையும் பிரகடனமும்.

அன்று சாயங்காலம் இன்னொன்றும் நடந்தது. அது ஒருவருக்கும் தெரியாது.

தன் பழைய லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரை முதல்முறையாகப் புது ரோட்டில், தன் வீட்டு கேட்டுக்கு எதிரே, ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார். ஸ்டாண்டின் ஒரு கால் அரை அங்குலம் உள்ளே இறங்கியது. குனிந்து விரலால் சுரண்டினார். மாவாக உதிர்ந்தது. நகத்தால் தட்டினார். மற்ற இடமெல்லாம் ‘டங்’ என்றது, அந்த இடம் மட்டும் ‘தொப்’ என்றது. ஒரு முறம் அளவு இடம். ரோடு போட்ட அன்று மத்தியானம் ஒரு தூறல் விழுந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. மூடாமல் விட்ட சாம்பல் குவியல் நனைந்து கட்டி தட்டியிருக்கிறது. அதில் ஒரு தள்ளுவண்டி அளவு இங்கே விழுந்திருக்கிறது. ஓட்டை போடுகிறவன் பிறக்கவில்லை என்று காலையில் அவர் முழங்கியபோது நின்றிருந்ததும் மிகச் சரியாக அதே முறத்தின்மேல்தான்.

அவர் நாலாபக்கமும் பார்த்தார். ஸ்கூட்டரை நாலு விரற்கடை நகர்த்தி, இடத்தை முழுக்க மறைக்கிற மாதிரி நிறுத்தினார். அன்றிலிருந்து லாம்ப்ரெட்டா ஷெட்டுக்குள் போகவில்லை. மழையோ வெயிலோ, ஆபீஸிலிருந்து திரும்பியதும் ஸ்கூட்டர் அங்கேதான். ஆபீஸுக்குப் போகும்போது ஒரு கோணியைப் போட்டு மேலே இரண்டு பூந்தொட்டி வைத்துவிட்டுப் போனார். ‘மதராஸிகளுக்குச் செடிமேல் பிரியம்’ என்று காலனி பேசிக்கொண்டது.

அந்த வருஷம் புரட்டாசியில் பந்தல் மேஸ்திரி பலாய், மூங்கில் வண்டியோடு வந்து சேர்ந்தான். மேதினிபூர்க்காரன். இருபது வருஷமாக இந்த ரோட்டில் குழி தோண்டுகிறவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் பழைய குழி இருக்கும் இடத்தைச் சொல்வான். கடப்பாரையை ஓங்கி ஒரு போடு போட்டான். ‘டங்’. தீப்பொறி பறந்தது. இன்னொரு போடு. கடப்பாரை முனை மழுங்கியது. மூன்றாவது போட்டில் பலாய்க்கு அக்குள்வரை மரத்துப் போயிற்று.

“என்ன ரோடு இது?” என்றான்.

“சாய்பாபு போட்ட ரோடு” என்றார் அசித் சமாத்தார். பிறகு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி வெங்கடநாராயணனின் கேட்டைத் தட்டினார்.

“தாதா, சின்ன விஷயம். நாலே நாலு ஓட்டை.”

“நாலு ஓட்டையா! நாலு மில்லிமீட்டர் தர மாட்டேன். கையெழுத்து போட்டிருக்கேளே, பாக்கலையா?”

“கையெழுத்து காலனி செக்ரட்டரி போட்டது, மொஷாய். நான் இப்போ பூஜை செக்ரட்டரியா வந்திருக்கேன்.”

“அப்ப அவரைப் போய்க் கேளுங்கோ.”

பெங்காலியில் ஒருவனுக்கு மூங்கில் கொடுப்பது என்றால் அவனை வசமாக மாட்டிவிடுவது என்று பொருள். சாய்பாபு மூங்கிலே ஊன்றாமல் காலனி முழுமைக்கும் மூங்கில் கொடுத்துவிட்டார் என்று டீக்கடையில் பேச்சாயிற்று. பலாய் தலையைச் சொறிந்து ஒரு வழி கண்டுபிடித்தான். தகர டிரம்களில் மணலைக் கொட்டி அதில் மூங்கிலை நட்டான். பந்தல், குள்ளமாக, வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது. அடுத்த வருஷமும் அப்படியே.

அந்த இரண்டாம் வருஷம் சுந்தரவல்லியின் அக்கா நாகலக்ஷ்மி சென்னையிலிருந்து பூஜை பார்க்க வந்தாள். வந்த முதல் நாளே வாசலில் போகிறவர் வருகிறவர் எல்லாம் ‘சாய்பாபு, சாய்பாபு’ என்று தன் தங்கை அகமுடையானை அழைப்பதைக் கேட்டாள். கண் கலங்கிவிட்டது.

“ஏண்டி சுந்தரி, மாப்பிள்ளைக்கு சாயி பக்தி எப்போலேர்ந்து? ஒரு வார்த்தை லெட்டர்ல எழுதலையே! ஊரே கையெடுத்துக் கும்பிடறது!”

“கும்பிடலைக்கா. கேலி பண்றா.”

“மகான்களை முதல்ல அப்படித்தாண்டி பண்ணுவா.”

வியாழக்கிழமை பஜனைக்கு அக்கா ஏற்பாடு செய்தாள். காலனியின் பதினாறு பெண்மணிகள், ரோட்டுச் சாம்பலுக்கு ஏதோ மதராஸி சாந்தி பூஜை என்று நினைத்து, தாம்பாளத்தில் பூவோடு வந்து உட்கார்ந்தார்கள். பிரசாதமாக நாகலக்ஷ்மி விபூதி கொடுத்தாள். ‘சாய்!’ என்று ஆனந்தமாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். ‘ஆமாம், சாயி!’ என்று இவளும் ஆனந்தமாகச் சொன்னாள். வைஷ்ணவ வீட்டில் விபூதி நுழைந்தது அன்றுதான். வெங்கடநாராயணன் அதை விரலில் தேய்த்துப் பார்த்து, “நைஸ் பத்தாது” என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பஜனையால் ஒரு நன்மை விளைந்தது. அதுவரை காலனிப் பெண்களுக்கு ‘இட்லி பௌதி’யாக, அதாவது இட்லி அண்ணியாக, மட்டும் தெரிந்திருந்த சுந்தரவல்லி அவர்களோடு சேர்ந்துவிட்டாள். இரண்டாயிரமாவது வருஷம் பூஜைக்கு ஐம்பதாவது ஆண்டு. பந்தலைக் கோயில் மாதிரியோ கோட்டை மாதிரியோ கட்டுகிற மோகம் ஊரைப் பிடித்திருந்த நேரம். அசித் சமாத்தார் கமிட்டியைக் கூட்டி ராஜதந்திரமாகப் பேசினார்: “சாய்பாபு ஓட்டை தரமாட்டார். ஆனா அவங்க ஊர்க் கோபுரத்தையே கட்டினா? தன் கோயிலுக்கு ஓட்டை தரமாட்டேன்னு எந்த மனுஷன் சொல்லுவான்?”

மனுஷன் சொன்னார். “கோபுரம் கட்டுங்கோ, ரொம்ப சந்தோஷம். டிரம்ல கட்டுங்கோ. ஜனவரிக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு.”

ஆனால் கோபுரம் வளர ஆரம்பித்துவிட்டது. படம் போட்டுக் கொடுத்தது சுந்தரவல்லி. இருபத்தோரு வருஷத்தில் இந்தக் காலனி அவளிடம் இட்லிப் பக்குவம் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை. இப்போது நாற்பதடிக் கோபுரத்துக்கு நிலை எத்தனை, கலசம் எத்தனை, எந்தப் பக்கம் யாளி என்று பலாய் அவளிடம்தான் ஓடிவந்தான். எட்டுக் கலசம் செய்துகொண்டு வந்தவனை, “ஒத்தைப்படையாத்தான் இருக்கணும், ஏழு” என்று திருப்பி அனுப்பினாள். அவன் மறுபேச்சில்லாமல் போனான். சமையல் நடுவே கரண்டியோடு பால்கனிக்கு வந்து, மூங்கிலும் துணியும் தெர்மகோலும் கோபுரமாக எழுவதை ஒரு ஸ்தபதியின் தோரணையில் பார்த்துவிட்டுப் போவாள். வெங்கடநாராயணன் அதைக் கவனித்தார். கவனித்ததை மறக்கப் பார்த்தார்.

பஞ்சமி அன்று காலை, மழை விட்டுக் கிழக்கேயிருந்து காற்று கிளம்பியது. பால்கனியில் நின்ற சுந்தரவல்லி அலறினாள்:

“சாயறது! சாயறது!”

கீழே நின்றவர்கள் அண்ணாந்து அவளைப் பார்த்தார்கள். ‘சாய்’ என்பது மட்டும் நன்றாகக் காதில் விழுந்தது.

“தாதா, பௌதி உங்களைக் கூப்பிடறாங்க” என்றார் ஒருவர்.

“கூப்பிடலை, திட்டறாங்க” என்றார் அசித் சமாத்தார், அனுபவத்தோடு.

“ஐயோ, சாயறதுங்கறேன்! மேல பாருங்கோளேன்!”

மேக்னா ஓடிவந்து பெங்காலியில் கத்தியபிறகுதான் பார்த்தார்கள். ஏழு கலசத்தோடு கோபுரம் மேற்கே தலையைச் சாய்த்து, யாரையோ விசாரிப்பது போல நின்றுகொண்டிருந்தது. சாய்வு முதலில் நாலு விரல். பத்து நிமிஷத்தில் ஒரு முழம். மணல் டிரம்கள் மெல்ல முனகின. கிழக்கே கயிறு கட்டி இழுக்கலாம் என்று சமாத்தார் வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். ஜன்னல் கையோடு வந்துவிட்டது.

பலாய் சுற்றிச் சுற்றி வந்து தீர்ப்புச் சொன்னான். “கிழக்குப் பக்கம் ஒரே ஒரு முளை. மூணடி பூமிக்குள்ள இறங்கணும். அதுல கயிறு கட்டினா நிமிர்ந்துடும். வேற வழி இல்லை.” அவன் கை காட்டிய கிழக்குப் பக்கம், வெங்கடநாராயணன் வீட்டு கேட்டுக்கு நேர் எதிரே.

“டிரில் மிஷின் கொண்டுவரலாமா?” என்றார் ஒருவர்.

எல்லோரும் சாய்பாபுவைப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். கடிதம் அங்கேதான் இருந்தது. “ரோடு தாங்கும். கோபுரத்தைத் தாங்கவைக்கறது உங்க பொறுப்பு” என்றார். குரல் அவருக்கே அந்நியமாக ஒலித்தது.

ஐந்து மணிக்குப் பந்தலைப் பரிசோதித்து அனுமதி தர தீயணைப்பு ஆபீசர் வருகிறார். சாய்ந்த பந்தலுக்கு அனுமதி எப்படிக் கிடைக்கும்? கோபுரத்தைப் பிரித்துவிட்டு, சாதாரணத் துணிக் கொட்டகை போட்டுவிடுவதென்று அசித் சமாத்தார் முடிவு செய்தார். ஐம்பதாவது வருஷம் கொட்டகையில். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனாலும் வங்காளி வங்காளிதான். பிரிக்கிற வேலை, சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு, நாலு மணிக்கு என்று தீர்மானமாயிற்று. மத்தியானச் சோற்றுத் தூக்கத்துக்கு இங்கே தனிப் பெயரே உண்டு. பாத்கூம். கல்கத்தாவில் எதை வேண்டுமானாலும் நிறுத்தலாம், பாத்கூமை நிறுத்த முடியாது.

இரண்டரை மணிக்குக் காலனியில் ஈ காக்கை இல்லை. கோபுர நிழலில் பலாயின் ஆட்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். வெங்கடநாராயணன் சாப்பிட்ட கையோடு வாசலுக்கு வந்தார். பால்கனியில் சுந்தரவல்லி நின்றிருந்தாள். கலசங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று முதல் ஏழுவரை. பிறகு மறுபடி ஒன்றிலிருந்து.

அவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். இரண்டடி தள்ளி நிறுத்தினார். பலாயின் கடப்பாரையை எடுத்து, இடத்தைப் பார்த்துக்கூட வைக்காமல், குத்தினார்.

தொப்.

பழைய அதிரசம் மாதிரி உடைந்தது. எட்டங்குலம்வரை ஒரு சிரமமும் இல்லை. அதற்குக் கீழே கசடுத் தளம் வந்தது. அது அவர் சுயமாகப் பார்த்துப் பார்த்துப் போட்டது, விட்டுக்கொடுக்கவில்லை. சட்டையைக் கழற்றிப் பூந்தொட்டிமேல் போட்டார். கடிதம் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தது. நூறு குத்துக்கு ஒரு கைப்பிடி பெயர்ந்தது. தன் திறமையை இவ்வளவு கசப்போடு அவர் எப்போதும் மெச்சிக்கொண்டதில்லை.

பின்னால் யாரோ இருமினார்கள். பலாய். அவன் குழியைப் பார்த்தான், தள்ளி நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தான், உடைந்த துண்டு ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினான்.

“மூணு வருஷமா இது இங்கேயேவா இருந்தது, பாபு?”

“இருந்தது.”

“நான் நாலு கடப்பாரை உடைச்சேன்.”

“ஸ்கூட்டர்கிட்ட வந்திருந்தா உடைஞ்சிருக்காது.”

பலாய் இன்னொரு கடப்பாரையை எடுத்தான். இருவரும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். கசடு தாண்டி, கல்கத்தாவின் கருப்புச் சேற்று மண் வந்தபோது மணி மூன்றே முக்கால். மேலேயிருந்து கயிற்றில் கட்டிய தூக்குப்பாத்திரம் இறங்கி அவர் தோளில் இடித்தது. மோர்.

“உனக்குத் தெரியுமா?” என்றார் மேலே பார்த்து.

“மழையில ஸ்கூட்டர் துருப்பிடிக்கறது, உள்ள விடமாட்டேங்கறேள். செடிக்குத் தண்ணி விட்டதே கெடையாது, தொட்டியை மட்டும் தினம் நகத்தறேள். நான் என்ன மக்கா?” என்றாள் சுந்தரவல்லி. பிறகு குரலைத் தணித்து, “பெருமாள் படத்துக்குப் பின்னாடி வெச்ச லெட்டர் என்னாகும்?” என்றாள்.

அவர் பாதி மோரைக் குடித்துவிட்டு மீதியைப் பலாயிடம் கொடுத்தார்.

நாலு மணிக்கு அசித் சமாத்தார் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். கேட்டுக்கு எதிரே மூன்றடி ஆழத்தில் முளை இறங்கியிருந்தது. கயிறு விண்ணென்று நின்றது. கோபுரம் விசாரணையை முடித்துக்கொண்டு நேராக நிமிர்ந்திருந்தது.

“தாதா! யார் போட்டது இது? எப்படி?”

வெங்கடநாராயணன் கைச்சாம்பலை வேட்டியில் துடைத்தார்.

“ஆமி சாய் ஜானி” என்றார். இந்தத் தடவை உச்சரிப்பு, அர்த்தம், சந்தர்ப்பம் மூன்றும் பிசகவில்லை. ‘எனக்கென்ன மண்ணு தெரியும்!’ அசித் சமாத்தார் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இருவர் சட்டையும் கெட்டுப்போயிற்று. ஒருவர் சட்டை தொட்டியில் இருந்ததால் உண்மையில் ஒன்றுதான் கெட்டது.

தசமி முடிந்து அம்மனை ஆற்றில் கரைத்த மறுநாள் பலாய் முளையைப் பிடுங்கினான். வெங்கடநாராயணன் சாம்பலைச் சலித்து, உலர்ந்திருக்கிறதா என்று மூன்று தடவை தேய்த்துப் பார்த்து, குழியைத் தானே அடைத்தார். ஈரச் சாக்கு, இருபத்தெட்டு நாள். கெட்டியாகத்தான் வந்தது. ஆனால் புதுசு புதுசுதானே, பழைய ரோட்டின் நடுவே வெளிறிப்போய் ஒரு முறம் அளவு வட்டமாகத் தெரிந்தது. காலனி கூடிப் பேசியது. மறுநாள் காலையில் அவர் எழுந்து பார்த்தபோது, லாம்ப்ரெட்டாவை யாரோ தூக்கிவந்து அந்த வட்டத்தின்மேல் கச்சிதமாக நிறுத்தியிருந்தார்கள்.

ஜனவரி வந்தது. நகரமே தன் பெயரைக் கொல்கத்தா என்று மாற்றிக்கொண்ட ஜனவரி. கம்பெனி ஏற்பாட்டில் டெல்லி ஆய்வுக்கூடத்திலிருந்து பார்த்தசாரதி என்ற அதிகாரி சுத்தியல், அளவுகோல், படிவம் சகிதம் வந்து இறங்கினார். நம்மவர் என்று தெரிந்ததும் சுந்தரவல்லி இரண்டாவது டிகாக்ஷன் கலக்காத காபி கொடுத்தாள். நூற்றெண்பது மீட்டரையும் அவர் தட்டித் தட்டி நடந்தார். ‘டங், டங், டங்.’ அவர் பின்னாலேயே முப்பது குரங்குக் குல்லாய்களும் நடந்தன.

“பிரமாதம் சார்” என்றார் பார்த்தசாரதி. “இந்த ஊர்ல மூணு வருஷம் தோண்டாத ரோடு! வெட்டு, ஓட்டை, ஒட்டு எதுவும் இல்லையே?”

“ஓட்டையா!” என்றார் அசித் சமாத்தார், அடிபட்டவர் போல. அவர் லாம்ப்ரெட்டாவின்மேல் உட்கார்ந்து நேற்றைய பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். “இந்தப் பாராவிலயா? எங்க பேட்டையிலயா? சி, சி, சி! நாங்க பூஜைக்கே டிரம்லதான் மூங்கில் நடறோம், சார். யாரை வேணா கேளுங்க.”

யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முப்பது குல்லாய்களும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டின. ஐம்பது வருஷம் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத காலனி, பொய்யில் ஒரே குடும்பமாக நின்றது. சென்ற மாதம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், எப்போதும் உண்மையே பேச வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஒரு படி மேலே போய் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

பார்த்தசாரதி படிவத்தை ஸ்கூட்டரின் சீட்டில் ஒரு ஓரமாக விரித்து, பேனா மூடியைத் திறந்தார். “அப்ப போட்டுடட்டுமா சார் கையெழுத்து? உங்க பேரை முழுசா சொல்லுங்கோ, கலவை பேர்ல அதான் வரணும்.”

வெங்கடநாராயணன் முழுசாகச் சொன்னார். ஊர், அப்பா பெயர், தன் பெயர், ஒரு எழுத்துக் குறையாமல். அந்தக் காலனி முதல்முதலாக அதைக் கேட்டது.

பேனா காகிதத்தைத் தொடப் போனது.

“ஒரு நிமிஷம்” என்றார் அவர். “அசித்தா, கொஞ்சம் எறங்குங்கோ.”

அசித் சமாத்தார் கண்ணாலேயே ‘வேண்டாம்’ என்றார். பேப்பரை இன்னும் அகலமாக விரித்தார். வெங்கடநாராயணன் காத்திருந்தார். கடைசியில் சமாத்தார் இறங்கினார்.

வெங்கடநாராயணன் படிவத்தை எடுத்துப் பார்த்தசாரதியின் கையில் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, இரண்டடி தள்ளி நிறுத்தினார்.